ஞாயிற்றுக்கும் ஞாயிறு விடுமுறை

அந்தப் பெண்ணை எல்லோரும் போஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அதைக் கேலி என்று சொல்ல முடியாது, வெறும் தகவல் என்று வேண்டுமானால் சொல்லலாம். பல்கலைக்கழக வாசல் வளைவில் அவள் இருந்தாள். பேருந்து நிறுத்தத்தில் இருந்தாள். பேருந்தின் முதுகிலும் இருந்தாள். காலையில் அந்தப் பேருந்தைப் பிடிக்க மூச்சிரைக்க ஓடுவாள். அது நிற்காமல், அவள் முகத்தை அவளுக்கே காட்டிக்கொண்டு போய்விடும்.

படத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு நீலத் திரவத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். துகள் இயற்பியலில் நீலத் திரவத்துக்கு ஒரு வேலையும் கிடையாது. அது தண்ணீரில் கரைத்த பேனா மை. கோட்டு, மாடியில் இருக்கும் உயிரியல் துறையிடம் வாங்கிய இரவல். சிரிப்பு மட்டும்தான் அவளுடைய சொந்தச் சரக்கு. அதையும் பதினேழு தடவை சிரிக்கவைத்த பிறகுதான் மேடம் ஒப்புக்கொண்டார்.

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் பெரிய பல்கலைக்கழகம். அந்தப் பக்கம் சின்னக் கல்லூரி. அந்தப் பக்கத்து ஜனங்கள் ஊரில் நூற்றுக்கு ஆறு பேர். அணுவையும் துகளையும் ஆராய்கிறவர்களில் அவர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தார்கள். ஆரம்பிப்பதற்குள் எண்ணி முடிந்துவிட்டது. மேலிடத்தில் யாரோ வெட்கப்பட்டார்கள், அல்லது வெட்கப்படும்படி அதற்கும் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அப்படிப் பிறந்ததுதான் ‘கைகோப்பு’ திட்டம். அதன்படி சின்னக் கல்லூரியிலிருந்து நான்கு மாணவர்கள் வாரத்தில் நான்கு நாள் பெரிய பல்கலைக்கழகத்தின் அடித்தள ஆய்வகத்துக்கு வந்து ஆராய்ச்சியில் கைகோக்கலாம். கோத்த கையைப் படம் பிடிக்க ஓர் அலுவலகம், அதற்கு ஓர் ஒருங்கிணைப்பாளர். அவரைத்தான் எல்லோரும் மேடம் என்றார்கள். கெட்ட மனுஷி இல்லை. படம் எடுக்காத எதுவும் நடக்கவே இல்லை என்று மனதார நம்புகிறவர், அவ்வளவுதான்.

போஸ்டருக்குக் கிடைத்த ஆராய்ச்சி, டேப் ஒட்டுவது.

அதை லேசான வேலை என்று நினைத்தால் தப்பு. ஆய்வகத்தில் ஆள் நீளத்துக்கு முப்பத்திரண்டு பிளாஸ்டிக் கட்டைகள் அடுக்கியிருந்தன. வானத்திலிருந்து வரும் துகள் ஒன்று கட்டைக்குள் புகுந்து போனால் மினுக்கென்று ஒரு வெளிச்சம் வரும். இரண்டு முனையிலும் இருக்கும் குழாய்கள் அதைப் பார்த்து ‘ஒன்று’ என்று எண்ணும். வெளி வெளிச்சம் துளி உள்ளே கசிந்தாலும் போச்சு. குழாய் அதையும் துகள் என்று நினைத்துக் கன்னாபின்னாவென்று எண்ணத் தொடங்கிவிடும். அதனால் ஒவ்வொரு கட்டையையும் முதலில் அலுமினியத் தாளில் சுற்றி, அதன்மேல் கருப்பு டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். போஸ்டரின் அம்மா திரைச்சீலை தைக்கிறவள். ஓட்டல்களுக்கும் அரங்கங்களுக்கும் வெயிலை மறிக்கிற கனத்த கருப்புத் திரை தைத்துத் தைத்தே மகளைப் படிக்கவைத்தவள். அந்தக் கை இவளுக்கும் வந்திருந்தது. இவள் சுற்றிய கட்டையில் டார்ச் அடித்துப் பார்த்து ஒரு கசிவுகூட யாரும் கண்டதில்லை.

ஆய்வகத்தில் இரண்டு நோட்டுகள் உண்டு. வாசலில் செக்யூரிட்டி அண்ணனின் மேசைமேல் விசிட்டர் நோட்டு. உள்ளே கருவிகளுக்குப் பக்கத்தில் லாக் புக். கருவியை யார் தொட்டாலும், எதைத் திறந்தாலும், மூடினாலும் லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் அதில் எழுதும் உரிமை பல்கலைக்கழக ஆட்களுக்கு மட்டும்தான். கைகோப்பு மாணவர்கள் விதிப்படி விருந்தினர்கள். இரண்டு வருஷமாக நாள் தவறாமல் வந்து, கை கருக்க டேப் ஒட்டினாலும் விருந்தினர்கள்தான். வந்ததும் விசிட்டர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ‘யாரைப் பார்க்க வந்தீர்கள்’, ‘கருத்து’ என்று கட்டங்கள் இருந்தன. மற்றவர்கள் ‘மிக அருமை’ என்றும் ‘ஏசி குளிர் அதிகம்’ என்றும் எழுதிவிட்டுப் போனார்கள். கை வைத்த வேலையை எங்காவது எழுதாவிட்டால் இவளுக்குச் சாப்பாடு இறங்காது. யாரைப் பார்க்க என்ற இடத்தில் ‘ஒன்பதாம் கட்டையை’ என்றும், கருத்து என்ற இடத்தில் ‘இடது முனையில் டேப் மாற்றப்பட்டது’ என்றும் எழுதிவைத்தாள். யாரும் படிக்கவில்லை. கருத்தை யார் படிக்கிறார்கள்?

இவளுக்கு ஓர் ஆசை இருந்தது. கடல் தாண்டி, பூமிக்கடியில் பெரிய ஆய்வகம் ஒன்று இருக்கிறது. துறையில் எல்லோரும் அதைச் சுரங்கம் என்பார்கள். வருஷத்துக்கு ஒரே ஒரு மாணவரை எடுத்து, கருவியைக் கையில் கொடுத்து, நீயே ஓட்டு என்று விட்டுவிடுவார்கள். டேப் ஒட்டுகிற வேலை இல்லை, நிஜ வேலை. இந்த வருஷம் அந்த இடத்தைக் கைகோப்புக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் சுரங்கத்து விதி ஒன்று குறுக்கே நின்றது: ஆய்வகப் பதிவேட்டில் குறைந்தது நாற்பது கையெழுத்து இருக்க வேண்டும். லாக் புக்கில் இவள் கையெழுத்து சைபர்.

“அதெல்லாம் பாத்துக்கலாம்மா. சார் ஒரு விலக்கு லெட்டர் குடுத்தா முடிஞ்சிது” என்றார் மேடம்.

சார் என்பவர் ஆய்வகத்தின் பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் சிக்மா. எதையும் சிக்மாவில்தான் அளப்பார். தன் முடிவு தற்செயல் இல்லை என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதற்கு இயற்பியலில் அது ஓர் அளவு. ஐந்து சிக்மா வந்தால் கண்டுபிடிப்பு, உலகமே எழுந்து நிற்கும். முப்பது வருஷத்தில் அவர் இரண்டரையைத் தாண்டியதில்லை. காப்பி நன்றாக இருந்தால் “மூணு சிக்மா” என்பார்; அவர் வாழ்க்கையில் மூன்று வந்தது காப்பியில் மட்டும்தான்.

புதன்கிழமை விழா. சுரங்கத்துத் தலைவி நேரில் வந்து கைகோப்பை இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கிறார். அதே மேடையில் சிக்மா விலக்குக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார், போஸ்டருக்கு இடம் கிடைக்கும். இவ்வளவும் ஒழுங்காகப் பேசி முடிவாகியிருந்தது. கெடுத்தது ஒரு புகைப்படம்.

விழாவுக்கு மூன்று வாரம் முன்னால் மேடம் ஒரு புகைப்படக்காரரோடு ஆய்வகத்துக்குள் நுழைந்தார். சுரங்கத்து ஆட்களிடம் நீல மை செல்லாது, நிஜக் கருவியோடு படம் வேண்டும் என்றார். புகைப்படக்காரர் கட்டைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“எல்லாம் கறுப்பா இருக்கே மேடம். பொணப்பெட்டி அடுக்கி வெச்ச மாதிரி இருக்கு. உள்ள ஏதாவது பளபளன்னு இருக்கா?”

“உள்ள அலுமினியத் தாள் இருக்கு. ஆனா டேப்ப உரிக்கக் கூடாது” என்றாள் போஸ்டர்.

“கொஞ்சூண்டும்மா. ஒரு ஜாண்” என்றார் மேடம்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பதினேழாம் கட்டையில் ஒரு ஜாண் உரித்தாள். பளபளத்தது. படம் எடுத்தார்கள். திரும்ப ஒட்டும்போது மேடம் தோளுக்குப் பின்னால் நின்று, “சீக்கிரம், சீக்கிரம், அடுத்து தோட்டத்துல நீ மரத்துல சாஞ்சு யோசிக்கற மாதிரி ஒண்ணு” என்று துரத்தினார். துரத்தலில் ஒட்டினாள். மனசு கேட்காமல், வெளியே போகும்போது விசிட்டர் நோட்டில் எழுதினாள்.

அதோடு மேடம் விடவில்லை. ஆய்வகத்துக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர் உண்டு, அதில் கருப்புத் திரை தொங்கும். “நம்ம கூட்டுறவுல ஒளிவுமறைவே இருக்கக் கூடாது” என்று சொல்லி அதைக் கழற்றி எடுத்துவிட்டார். சிக்மாவும் தலையாட்டினார். டேப் கச்சிதமாக இருக்கும்போது திரை எதற்கு? நாலு நாள் கழித்து அதே கண்ணாடிக்கு வெளியே, கண்ணாடியைப் பார்த்தபடி வைத்த ஆளுயர விளக்குப் பெட்டி ஒன்றில் போஸ்டர் வந்து நின்றாள். உள்ளே விளக்கு எரிய, கையில் பளபளக்கும் கட்டையோடு, பல்லெல்லாம் தெரிய. கைகோப்பு அலுவலகம் காலை ஒன்பதுக்குத் திறக்கும்போது பிளக்கைச் செருகுவார்கள். மாலை ஆறுக்குப் பூட்டும்போது பிடுங்குவார்கள்.

அந்த வாரமே சிக்மாவின் வாழ்க்கை மாறியது.

பத்து நொடிக்கு நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று சோம்பலாக ஓடிக்கொண்டிருந்த எண்ணிக்கை பகலில் தொண்ணூறைத் தாண்டியது. இரவில் பழையபடி நாற்பத்தொன்று. பகலில் மட்டும் வருவது எது? சூரியன்! சூரியனிலிருந்து இதுவரை யாரும் பார்க்காத ஏதோ ஒன்று வருகிறது. சிக்மா கணக்குப் போட்டார். நாலரை. சாப்பிட மறந்தார், சவரம் மறந்தார், தாழ்வாரத்தில் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி “நாலரை” என்றார். “இன்னும் அரைதான். புதன்கிழமைக்குள்ள அஞ்சு வந்துடும்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பகலிலும் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் ஞாயிறன்று பொறுப்பாளர் யாரும் வருவதில்லை. பொறுப்பாளர் இல்லாத நாளின் தகவல் தரமில்லாதது என்று விதி. அதனால் சிக்மா அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒதுக்கினார். விதிப்படி சரியாகத்தான் செய்தார், பாவம்.

விழாவுக்கு முந்தின ஞாயிறு. அம்மாவுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறாளாமே, பார்த்தே தீருவேன் என்று கிளம்பிவிட்டாள். மதிய வேளையில் இரண்டு பேரும் அடித்தளத்துக்கு இறங்கி வந்தார்கள். தாழ்வாரத்தில் ஒரு மங்கல் பல்பு மட்டும் எரிந்தது. பெட்டி அணைந்து கிடந்தது.

“இவ்ளோ பெரிய மூஞ்சிய எடுத்து வெச்சு இருட்டுல நிக்க வெச்சிருக்காங்க. இதுக்கு வீட்லயே இருந்திருப்பியே” என்றாள் அம்மா.

“இன்னிக்கு லீவும்மா. ஆபீஸ்ல யாரும் இல்ல.”

அம்மாவின் முகம் சுருங்கியதைச் செக்யூரிட்டி அண்ணன் பார்த்தார். “அதுக்கென்னம்மா, ஒரு பிளக்குதானே” என்று குனிந்து செருகினார். பெட்டி பளீரென்று எரிந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள்.

போஸ்டர் தன் படத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டில் சிவப்பாய்த் தெரிந்த, எண்ணிக்கை காட்டும் எண்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்று என்று இருந்தது. இப்போது தொண்ணூற்றாறு.

“அண்ணே, பிளக்க எடுங்க” என்றாள்.

எடுத்தார். பத்து நொடி. நாற்பத்திரண்டு.

“போடுங்க.”

தொண்ணூற்றேழு.

“இன்னொரு தடவ எடுங்க.”

“ஏம்மா, விளையாடறியா? கரண்டு ஆபீஸ்காரனா நான்?” என்றார் அவர். ஆனாலும் எடுத்தார்.

அம்மா இதற்குள் கண்ணாடியின் மேல்விளிம்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏன்டி, கம்பி இருக்கு, வளையம் இருக்கு, திரைய மட்டும் காணோமே? யாரு கழட்டினா?”

“மேடம்.”

“பின்ன வெளிச்சம் உள்ள போகாம என்ன பண்ணும்? வெளிச்சமே படக் கூடாதுன்னு நீ ஒட்டற அந்தக் கறுப்புக் கட்டைல எங்கயோ ஓட்டை இருக்கு. ஊசி போற ஓட்டை போதும். நாப்பது கெஜம் திரைல ஒரு தையல் விட்டாலே ஓட்டல்காரன் தூங்க முடியலன்னு சண்டைக்கு வரான்.”

போஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதினேழாம் கட்டை. ஒரு ஜாண். சூரியனும் இல்லை, கீரியனும் இல்லை. சிக்மாவின் நாலரை சிக்மாவும் அவளுடைய முகத்திலிருந்து புறப்பட்டு, அவள் போட்ட ஓட்டை வழியாக உள்ளே போயிருக்கிறது. ஞாயிறன்று சூரியன் லீவு எடுக்கவில்லை. கைகோப்பு அலுவலகம்தான் எடுத்தது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

“நீ சொன்னா அந்த சார் லெட்டர் குடுப்பாரா?”

“அவரோட முப்பது வருஷத்த நான் ஒரு பிளக்குல பிடுங்கிட்டு, லெட்டர் குடுங்கன்னு கேக்க முடியுமாம்மா?”

“சொல்லலன்னா?”

“சீட்டு கெடைக்கும்.”

“அப்ப சொல்லாத” என்றாள் அம்மா. “உன்ன உரிக்கச் சொன்னவங்க அவங்க. திரையக் கழட்டினவங்க அவங்க. அவங்களே கண்டுபிடிக்கட்டும். நீ போயிட்டு வா.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு நின்றாள். “ஆனா ஒண்ணுடி. நாளைக்கு இது வெளிய வந்தா, அந்தப் பக்கத்துப் பொண்ணுக்கு டேப்கூட ஒட்டத் தெரியலன்னுதான் சொல்லுவாங்க. அதுதான் எனக்கு வயிறு எரியுது.”

அவளுக்கும் அங்கேதான் எரிந்தது. அவளுக்குப் பின்னால் மூன்று ஜூனியர்கள் இருந்தார்கள். இனி அவர்கள் கையில் டேப்பைக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

இன்னொரு வழியும் இருந்தது. திங்கட்கிழமை காலை கட்டைக்குப் பக்கத்தில் போகும்போது ஒரு விரல் நீளம் டேப்பை அழுத்தி ஒட்டிவிட்டால் போதும். எண்ணிக்கை சத்தமில்லாமல் இறங்கிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் சிக்மா புதன்கிழமை இத்தனை பேருக்கு முன்னால் செத்துப்போன எண்ணிக்கையைக் காட்டி முழிப்பார். திங்களன்று டேப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். திருட்டுத்தனமாக ஒட்ட அவள் கைக்கு வரவில்லை.

நேரே அவர் அறைக்குப் போனாள். சிக்மா புதுக் கோட்டை மாட்டிக்கொண்டு கதவுக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“சார், ஞாயித்துக்கிழமை பகல்ல எண்ணிக்கை குறையுது சார்.”

“ஞாயித்துக்கிழமை டேட்டா தரமில்லாதது. விதி அது.”

“குறையறது நெஜம் சார். சூரியனுக்கு ஞாயித்துக்கிழமை லீவா சார்?”

சிக்மா திரும்பிப் பார்த்தார். பிறகு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “ஞாயிறுன்னாலே சூரியன்தானே! ஞாயித்துக்கே ஞாயிறு லீவு! பிரமாதம்மா. இத நான் என் பேச்சுல சேத்துக்கறேன்.”

“சார், ஜோக் இல்ல சார், அந்த விளக்குப் பெட்டி—”

“புதன் கழிச்சு, எல்லாம் புதன் கழிச்சு” என்று தோளைத் தொடாமலே அவளை வெளியே தள்ளினார். அவர் கண் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதைக் கெடுக்க மனமில்லாமல் மேடத்திடம் போனாள். மேடம் பாதி கேட்டுவிட்டு, “பெட்டிய அணைக்கறதா? வெளையாடாதம்மா, அவங்க வர்றதே அதப் பாக்கத்தான்” என்றார்.

புதன்கிழமை பதினொரு மணி. தாழ்வாரம் நிறைந்துவிட்டது. அம்மா அரை நாள் விடுப்புப் போட்டுக் கடைசி வரிசையில், செக்யூரிட்டி அண்ணன் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சுரங்கத்துத் தலைவி வந்தார். தடித்த ரப்பர் செருப்பு, எண்ணெய் வைக்காத நரை முடி, எந்த நேரமும் எதையோ கழற்றிப் பார்க்கப்போகிறவர் மாதிரி ஒரு பார்வை. மேடம் நீட்டிய மாலையை வாங்கி நாற்காலியில் வைத்துவிட்டு எண்பலகையைப் பார்க்கப் போய்விட்டார்.

சிக்மா பேசினார். நன்றாகவே பேசினார். பகல், இரவு, சூரியன், நாலே முக்கால் சிக்மா. கடைசியில் சிரித்துக்கொண்டே, “நம்ம மாணவி ஒருத்தி எங்கிட்ட கேட்டா, ஞாயித்துக்கே ஞாயிறு லீவா சார்னு” என்றார். கூட்டம் சிரித்தது. தலைவி சிரிக்கவில்லை.

“ஏன் அப்படிக் கேட்டா? ஞாயித்துக்கிழமை எண்ணிக்கை என்ன?”

“அது... தரமில்லாத டேட்டா. பொறுப்பாளர் இல்லாத நாள்.”

“தரம் கெடக்கட்டும். எண்ணிக்கை என்ன?”

சிக்மா தாள்களைப் புரட்டினார். அந்தச் சங்கடமான இடைவெளியை நிரப்ப மேடம் பாய்ந்து வந்தார். “அதுக்குள்ள ஒரு படம்! போஸ்டர், இங்க வாம்மா. உன் படத்துக்குப் பக்கத்துல நில்லு. நெஜமும் நிழலும்!”

போஸ்டர் நடந்து வந்தாள். பக்கத்தில் என்றுதான் மேடம் சொன்னார். ஆனால் கூட்டம் நெருக்கியதில் அவள் நின்ற இடம் விளக்குப் பெட்டிக்கும் கண்ணாடிக்கும் நட்ட நடுவே. தன் முகத்தின் வெளிச்சம் முழுக்கத் தன் முதுகில் விழுவது சூடாகத் தெரிந்தது. எதிரே எண்பலகை. தொண்ணூற்றாறு அணைந்தது. ஐம்பத்து மூன்று என்று வந்தது.

“கொஞ்சம் நகரும்மா, படத்த மறைக்கற” என்றார் மேடம்.

நகர்ந்தாள். தொண்ணூற்றைந்து.

யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் புகைப்படக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படியே அரை அடி தள்ளி நின்று பதினெட்டாவது தடவையாகச் சிரித்தால் போதும். கடிதம், சுரங்கம், நிஜ வேலை எல்லாம் கிடைத்துவிடும். கடைசி வரிசையில் அம்மா ‘வேண்டாம்’ என்று தலையை ஆட்டுவது தெரிந்தது. போஸ்டர் நகரவில்லை. பயம்தான், வேறென்ன. ஆனால் ஒரு விஷயம் பயத்தைவிடப் பெரிதாக உறுத்தியது. இவள் முகத்தை வைத்து ஒரு பொய் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, அதற்கு இவளே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். சொல்லாமல் சுரங்கத்துக்குப் போனால் அங்கேயும் இவள் போஸ்டர்தான்.

யாரும் சொல்லாமலே திரும்பி நடந்து, கண்ணாடியில் முதுகு படும்படி நின்று, இரண்டு கையையும் அகலமாக விரித்தாள்.

“என்னம்மா பண்ற?” என்றார் மேடம்.

நாற்பத்தேழு.

தலைவி எண்ணைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். “நகரு” என்றார். நகர்ந்தாள். தொண்ணூற்றாறு. “நில்லு.” நாற்பத்தாறு. கடைசி வரிசையிலிருந்து செக்யூரிட்டி அண்ணன் எழுந்து, “எதுக்கும்மா கஷ்டப்படறீங்க, பிளக்க எடுத்தா ஆச்சு” என்று பிடுங்கினார். போஸ்டரின் முகம் அணைந்தது. நாற்பத்தொன்று.

சிக்மாவின் கையிலிருந்த தாள்கள் மெதுவாகச் சலசலத்தன.

“பதினேழாம் கட்டைல கசிவு சார். படம் எடுக்கறதுக்காக ஒரு ஜாண் டேப்ப உரிச்சோம். உரிச்சது நான். சரியா ஒட்டாததும் நான்தான்.”

சிக்மாவின் முகம் சிவந்தது. “கருவியத் தொறந்தா எழுதணும்! இந்த ரூமோட முதல் விதி அது. எழுதியிருந்தா அன்னிக்கே டார்ச் அடிச்சுப் பாத்திருப்பேன். மூணு வாரம்! ஏன் எழுதல?”

“எழுதியிருக்கேன் சார்.”

“எங்க?” லாக் புக்கை எடுத்துத் திறந்து பக்கம் பக்கமாகத் தள்ளினார். “காட்டு. எங்க இருக்கு?”

“அதுல எழுத எனக்கு உரிமை இல்ல சார். நான் விருந்தாளி. விசிட்டர் நோட்டுல எழுதியிருக்கேன்.”

செக்யூரிட்டி அண்ணன் நோட்டைக் கொண்டுவந்தார். தலைவியே வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

“‘மிக அருமை, குளிர் அதிகம்.’ ‘கழிப்பறை எங்கே?’ ம்... இதோ. யாரைப் பார்க்க வந்தீர்கள்: பதினேழாம் கட்டையை. கருத்து: புகைப்படத்துக்காக ஒரு ஜாண் டேப் உரிக்கப்பட்டு அவசரமாக ஒட்டப்பட்டது. டார்ச் சோதனை அவசியம்.”

அவர் மேலே படிக்கவில்லை. ஆனால் பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனார். ஒன்பதாம் கட்டை, டேப் மாற்றம். இருபத்திரண்டு, குழாய் தளர்வு. அறை வெப்பம் ஒரு பாகை கூடுதல். நாலாம் கட்டை, நாலாம் கட்டை, மறுபடியும் நாலாம் கட்டை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே கையெழுத்து. நடுநடுவே ‘மிக அருமை’.

“இது எத்தன இருக்கும்?” என்று கேட்டார்.

“இருநூத்திப் பதினொண்ணு” என்றாள் போஸ்டர். எண்ணாமல் இருக்க அவளால் முடியுமா?

“எங்க விதி நாப்பது கேக்குது. ஆய்வகப் பதிவேடுன்னுதான் இருக்கு. உள்ள இருக்கறதா, வாசல்ல இருக்கறதான்னு போடல.” நோட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார். “விலக்கு லெட்டர் தேவையில்ல. இத நான் எடுத்துட்டுப் போறேன். நீ பின்னாடியே வா.”

“ஐயோ, அந்த நோட்டுக்கு நான் மேல பதில் சொல்லணும்மா” என்றார் செக்யூரிட்டி அண்ணன். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேடம், இப்போது எதைப் படம் எடுப்பது என்று தெரியாமல் நின்றார். சிக்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். மாலை வைத்திருந்த நாற்காலி. அதன்மேலேயே உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல், “நாலே முக்கால்” என்றார். போஸ்டர் மன்னிச்சிடுங்க சார் என்று சொல்லப் போனாள். அதற்குள் அவர் எழுந்து லாக் புக்கைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றியும் கொடுத்தார்.

“கருவியத் தொட்டா எழுதணும்” என்றார். “எழுது.”

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அந்த நோட்டில் கை வைத்தாள். தாள் விசிட்டர் நோட்டைவிடத் தடிமனாக இருந்தது. நேரம் போட்டாள். எழுதினாள்: ‘விளக்குப் பெட்டி அணைக்கப்பட்டது. எண்ணிக்கை 41. பதினேழாம் கட்டையில் ஓட்டை. போட்டது நான்.’

நிமிர்ந்து பார்த்தாள். கடைசி வரிசையில் அம்மா எழுந்து, கண்ணாடியின் அகலத்தை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தாள்.

போஸ்டர் குனிந்து இன்னொரு வரி சேர்த்தாள்: ‘கண்டுபிடித்தது என் அம்மா.’